மல்டிகாஸ்ட்டில் சேவைத் தர உத்தரவாதம்: வேலூர்ப் பக்கம் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் தொழில். லாட்ஜ் அறைகளுக்கு டிவி, கல்லூரி அரங்கத்திலிருந்து வகுப்பறைகளுக்கு நேரலை, பல ஊர்களில் கிளை வைத்திருப்பவர்களுக்குக் கூட்டம் நடத்தும் வசதி, இப்படி. ஒரே படமும் ஒரே குரலும் பல இடங்களுக்கு ஒரே சமயத்தில் போக வேண்டும், திக்கக் கூடாது. எந்த வேலையாக இருந்தாலும் கடைசியில் இதில்தான் வந்து நிற்கிறது.

லாட்ஜ் மேனேஜர்கள், கேபிள் தொழிலில் இருக்கும் தம்பிகள், புராஜெக்ட் செய்யும் மாணவர்கள் என்று எல்லோரும் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்வியைப் போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறேன். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை, அதனால் வரிசையாகப் படித்தால் நல்லது.

மல்டிகாஸ்ட்னா எல்லாருக்கும் அனுப்புறதுதானே? அதுக்கு ஏன் தனிப் பேரு?

எல்லாருக்கும் அனுப்புவது பிராட்காஸ்ட். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதி அனுப்புவது யூனிகாஸ்ட். கேட்டவர்களுக்கு மட்டும், அதுவும் ஒரே பிரதியாக அனுப்புவது மல்டிகாஸ்ட். 80 அறை உள்ள லாட்ஜில் 80 டிவியிலும் ஒரே கிரிக்கெட் மேட்ச் ஓடுகிறது, சேனலுக்கு 4 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 4 மெகாபிட்) என்று வைத்துக்கொள்ளுங்கள். யூனிகாஸ்ட் என்றால் சர்வரிலிருந்து 320 எம்பிபிஎஸ் கிளம்ப வேண்டும். மல்டிகாஸ்ட்டில் 4 போதும். வழி பிரிகிற இடத்தில் சுவிட்சோ ரவுட்டரோ நகல் எடுத்துக்கொள்ளும்.

காவேரிப்பாக்கம் ஏரித் தண்ணீர் கிளைக் கால்வாய்களில் பிரிகிற மாதிரி என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தண்ணீர் பிரியப் பிரியக் குறையும். பாக்கெட், அதாவது நெட்வொர்க்கில் போகும் தகவல் துண்டு, எத்தனை கிளையில் பிரிந்தாலும் ஒவ்வொன்றிலும் முழுசாகவே போகும். இதை மனதில் வையுங்கள், பின்னால் ஒரு பெரிய சிக்கல் இதிலிருந்துதான் முளைக்கிறது.

ஐபி நெட்வொர்க்கில் இதற்கான அடிப்படையைப் போட்டவர் ஸ்டீவ் டீரிங். அவர் எழுதிய ஆர்எஃப்சி 1112 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறை ஆவணம்), 1989-ல் வந்தது. 224.0.0.0 முதல் 239.255.255.255 வரையுள்ள முகவரிகள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. இந்த முகவரி ஒரு கணினியுடையது அல்ல, ஒரு குழுவுடையது. வேண்டியவர் சேரலாம், வேண்டாதபோது விலகலாம். குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பது அனுப்புகிறவருக்கே தெரியாது. உத்தரவாதம் கொடுப்பது இவ்வளவு கஷ்டமாக இருப்பதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

யூட்யூப் லைவ், ஜூம் மீட்டிங் எல்லாம் மல்டிகாஸ்ட்டா?

இல்லை. இரண்டும் யூனிகாஸ்ட்தான். நடுவில் இருக்கும் சர்வர்கள் ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதி அனுப்புகின்றன. பார்ப்பவர்கள் கூடக் கூட சர்வரும் கூடும், செலவும் கூடும். பெரிய நிறுவனங்களால் அது முடிகிறது.

இணையம் முழுக்க மல்டிகாஸ்ட் ஓடவேண்டும் என்று முயற்சி நடந்தது உண்மை. எம்போன் என்ற பெயரில், 1992 மார்ச்சில் சான் டியேகோவில் நடந்த ஐஇடிஎஃப் (இணைய நெறிமுறைகளை வகுக்கும் அமைப்பு) கூட்டத்தின் ஒலியை மல்டிகாஸ்ட்டில் அனுப்பினார்கள். ஆனால் வெவ்வேறு நிறுவனங்களின் நெட்வொர்க்குகளைத் தாண்டி மல்டிகாஸ்ட் பரவவில்லை. இன்றைக்கு அது வாழ்வது ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கும் இடங்களில்: கல்லூரி வளாகம், மருத்துவமனை, ஐபிடிவி கம்பெனியின் சொந்த நெட்வொர்க், பங்குச் சந்தையின் விலை அறிவிப்பு, சிசிடிவி. இனி இந்தப் பக்கத்தில் நான் பேசுவதெல்லாம் அந்த மாதிரி இடங்களைப் பற்றித்தான்.

சேவைத் தரம்னு எதுக்கு சார் பெரிய வார்த்தை? ஸ்பீடு இருந்தாப் போதாதா? நான் ஜிகாபிட் சுவிட்ச்தான் போட்டிருக்கேன்.

வேகம் நாலில் ஒன்று. மற்ற மூன்று: பாக்கெட் போய்ச் சேர ஆகும் தாமதம், அந்தத் தாமதம் ஒரே சீராக இல்லாமல் ஏறி இறங்குவது, அதாவது ஜிட்டர், பாக்கெட் தொலைவது. டிவி பார்ப்பவருக்குத் தாமதம் ஒரு பொருட்டில்லை. 3 வினாடி பிந்தி வந்தாலும் அவருக்குத் தெரியாது, பஃபர் (தற்காலிகச் சேமிப்பு) வைத்துச் சமாளிக்கலாம். இரண்டு பக்கமும் பேசுகிற கூட்டம் என்றால் கதை வேறு. ஒரு வழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு வகுத்த ஜி.114 பரிந்துரை. அதைத் தாண்டிப் போகப் போக ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு ஏறும்.

இந்த 150-ல் தூரத்துக்குப் போவது கொஞ்சம்தான். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிவினாடியில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். வேலூரிலிருந்து சென்னை 140 கிலோமீட்டர் சொச்சம், ஒரு மில்லிவினாடிகூட ஆகாது. மிச்சம் எல்லாம் ரவுட்டரிலும் சுவிட்சிலும் வரிசையில் நிற்பதால் வருவது.

ஜிகாபிட் சுவிட்சிலும் வரிசை நிற்கும். இரண்டு போர்ட்டிலிருந்து ஒரே நேரத்தில் முழு வேகத்தில் வந்து ஒரே போர்ட் வழியாக வெளியே போகவேண்டும் என்றால், ஒரு மெகாபைட் பஃபர் 8 மில்லிவினாடியில் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு வருவது கீழே விழும். உங்கள் மானிட்டரில் 5 நிமிடச் சராசரி 30 சதவீதம் என்றுதான் காட்டும். "லோடே இல்லையே, ஏன் படம் உடையுது?" என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

டிவி நாலு நிமிஷம் நல்லா ஓடுது, அப்புறம் டக்குனு நின்னுடுது. சேனல் மாத்தினா திரும்ப நாலு நிமிஷம். பெட்டி கோளாறா?

பெட்டி கோளாறு இல்லை. கடந்த பல வருடங்களில் நான் அதிகமுறை பார்த்த பழுது இதுதான். ஒருமுறை ஆஸ்பத்திரி பக்கத்து லாட்ஜ் ஒன்றில் 40 செட்டாப் பாக்ஸை மாற்றிவிட்டு, பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அங்கே தங்கியிருப்பவர்களில் பாதிப்பேர் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சிகிச்சைக்கு வந்தவர்கள். வாரக்கணக்கில் அறையிலேயே உட்கார்ந்திருப்பார்கள், சொந்தமொழிச் சேனல் ஒன்றுதான் துணை. அது நாலு நிமிடத்துக்கு ஒருமுறை நின்றால் அந்த மனுஷருக்கு எப்படி இருக்கும்! இதை நான் சின்னப் பழுது என்று நினைப்பதில்லை.

காரணம் இது. டிவி ஒரு குழுவில் சேரும்போது ஐஜிஎம்பி என்ற நெறிமுறையில் "எனக்கு இந்தச் சேனல் வேண்டும்" என்று சொல்கிறது. சுவிட்ச் அதை ஒட்டுக்கேட்டு, அந்த போர்ட்டுக்கு மட்டும் ஸ்ட்ரீமைத் திறந்துவிடுகிறது. இதற்கு ஸ்னூப்பிங் என்று பெயர். ஆனால் ஒருமுறை கேட்டதை சுவிட்ச் நிரந்தரமாக வைத்துக்கொள்ளாது. "இன்னும் யாருக்கு வேண்டும்?" என்று 125 வினாடிக்கு ஒருமுறை ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும், டிவிகள் பதில் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். கேட்பவரை குவெரியர் என்கிறோம். வழக்கமாக ரவுட்டர் அந்த வேலையைச் செய்யும். ரவுட்டரில் மல்டிகாஸ்ட் போடாமல் வெறும் சுவிட்சுகளை மட்டும் வைத்திருந்தால் கேட்க ஆளில்லை. 125-ஐ இரண்டால் பெருக்கி, பதிலுக்கான 10 வினாடியைக் கூட்டினால் 260 வினாடி. அது முடிந்ததும் சுவிட்ச் பட்டியலிலிருந்து பெயரை அழித்துவிடும். நாலு நிமிடம் இருபது வினாடி, கடிகாரம் வைத்துப் பாருங்கள்.

தீர்வு: நடுவில் இருக்கும் சுவிட்சில் குவெரியரை இயக்கி, அதற்கு ஒரு ஐபி முகவரி கொடுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஸ்னூப்பிங்கையே ஆஃப் பண்ணிட்டேன், இப்போ நிக்காம ஓடுதே. அப்படியே விட்டுடலாமா?

விடாதீர்கள். ஸ்னூப்பிங் இல்லாத சுவிட்சுக்கு மல்டிகாஸ்ட்டும் பிராட்காஸ்ட்டும் ஒன்றுதான், எல்லா போர்ட்டிலும் கொட்டும். 100 சேனல், ஒவ்வொன்றும் 4 எம்பிபிஎஸ் என்றால் 400 எம்பிபிஎஸ். அது ரிசப்ஷன் கம்ப்யூட்டருக்கும் போகும், பில் அடிக்கும் மெஷினுக்கும் போகும், 100 எம்பிபிஎஸ் போர்ட் உள்ள பழைய கேமராவுக்கும் போகும். அந்தக் கேமரா அன்றைக்கே செத்த மாதிரி. வைஃபை பெட்டிக்குள் புகுந்தால் இன்னும் மோசம்.

வைஃபையில மட்டும் ஏன் மல்டிகாஸ்ட் இவ்வளவு கேவலமா ஓடுது?

வைஃபையில் சாதாரண பாக்கெட் போய்ச் சேர்ந்தால் எதிர்ப்பக்கம் "வந்தது" என்று பதில் சொல்லும். பதில் வராவிட்டால் பெட்டி திரும்ப அனுப்பும். மல்டிகாஸ்ட்டில் அந்தப் பதிலே கிடையாது. தொலைந்தால் தொலைந்ததுதான். அதோடு, கடைசி மூலையில் இருக்கும் போனுக்கும் கேட்கவேண்டும் என்பதற்காகப் பெட்டி மிகக் குறைந்த அடிப்படை வேகத்தில் பேசும். 6 எம்பிபிஎஸ் வேகத்தில் 4 எம்பிபிஎஸ் படத்தை அனுப்பினால், காற்றில் இருக்கும் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அந்த ஒரு சேனலுக்கே போய்விடும்.

பெரும்பாலான நல்ல பெட்டிகளில் மல்டிகாஸ்ட்டை யூனிகாஸ்ட்டாக மாற்றி அனுப்பும் வசதி இருக்கிறது. ஒரு பெட்டியின் கீழ் ஏழெட்டுப் பேர் வரை பார்த்தால் அதைப் போடுங்கள். கடைசி 10 மீட்டருக்கு மல்டிகாஸ்ட்டின் லாபத்தை விட்டுக்கொடுத்து நம்பகத்தை வாங்கிக்கொள்கிறீர்கள். என் கணக்கில் அது நியாயமான வியாபாரம்.

தொலைஞ்ச பாக்கெட்டைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கலாமே? டிசிபி அப்படித்தானே செய்யுது?

டிசிபி என்பது தகவலைத் தொலையாமல் சேர்க்கும் இணைய நெறிமுறை. அதில் அனுப்புபவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். இங்கே வாங்குபவர் 500 பேர் என்றால், நடுவில் ஒரு இடத்தில் ஒரு பாக்கெட் விழுந்ததும் 500 பேரும் ஒரே சமயத்தில் "எனக்கு வரலை" என்று கத்துவார்கள். அந்தக் கூச்சலிலேயே அனுப்புபவர் மூழ்கிவிடுவார். அதனால் இரண்டு வழி கண்டுபிடித்தார்கள். ஒன்று, ஒவ்வொருவரும் கொஞ்ச நேரம் சும்மா காத்திருப்பது. அதற்குள் வேறு யாராவது கேட்டுவிட்டால் நாம் வாயை மூடிக்கொள்வது. இரண்டாவது, கேட்கவே தேவையில்லாமல் முன்கூட்டியே சில உபரி பாக்கெட்டுகளைச் சேர்த்து அனுப்பிவிடுவது. 20 பாக்கெட்டுக்கு 2 உபரி அனுப்பினால், எந்த இரண்டு விழுந்தாலும் மிச்சத்தை வைத்துக் கட்டிவிடலாம். நேரலைக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். உரையாடலில் திரும்பக் கேட்டு வாங்கும் பாக்கெட் பெரும்பாலும் நேரம் போன பிறகுதான் வரும்.

இதே கூச்சல் பிரச்சினை தர அறிக்கையிலும் உண்டு. நேரலை ஒலியையும் படத்தையும் அனுப்பும் ஆர்டிபி நெறிமுறையோடு வரும் ஆர்டிசிபியில் ஒவ்வொருவரும் தனக்கு எவ்வளவு தொலைந்தது, ஜிட்டர் எவ்வளவு என்று அறிக்கை அனுப்புகிறார்கள். மொத்த அறிக்கையும் கூட்டத்தின் பேண்ட்வித்தில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். ஆள் கூடினால் ஒவ்வொருவரும் அறிக்கை அனுப்பும் இடைவெளி நீளும். நல்ல ஏற்பாடு, ஆனால் பெரிய குழுவில் ஒருவர் படும் பாடு தாமதமாகத்தான் தெரியவரும்.

நான் வீடியோவுக்கு முன்னுரிமை குடுத்துட்டேன், டிஎஸ்சிபி 46 போட்டுட்டேன். அது உத்தரவாதம் இல்லையா?

இல்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான் என்று சொல்லலாம்.

நம் ஊர் ஆற்காடு சாலையில் ஆம்புலன்ஸ் வந்தால் எல்லோரும் ஒதுங்குவார்கள். அது முன்னுரிமை. ஆஸ்பத்திரி வாசலில் ஒரே நேரத்தில் பத்து ஆம்புலன்ஸ் வந்தால் பத்தும் ஒன்றின் பின் ஒன்றாகத்தான் நிற்கும். சைரன் போட்டதால் யாருக்கும் இத்தனை நிமிடத்தில் உள்ளே போவோம் என்ற உறுதி கிடைக்காது. டிஎஸ்சிபி என்பது பாக்கெட்டின் மேல் போடும் முன்னுரிமைக் குறி. 46 என்ற குறியும் அப்படித்தான். அந்தக் குறியோடு எவ்வளவு டிராஃபிக் உள்ளே வரலாம் என்று வாசலில் ஒருவர் நின்று எண்ணினால்தான் அதற்கு மதிப்பு. எல்லா ஸ்ட்ரீமுக்கும் 46 போட்டுவிட்டு "இன்னும் உடையுதே" என்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உத்தரவாதம் என்றால், இடம் இல்லாதபோது புதிதாக வருபவரிடம் "இடமில்லை" என்று சொல்லும் ஏற்பாடு இருக்கவேண்டும். உள்ளே இருப்பவருக்குக் கொடுத்த வாக்கு அப்போதுதான் நிற்கும். யாரையும் மறுக்காத நெட்வொர்க் யாருக்கும் உத்தரவாதம் தரவில்லை.

சரி, அப்படி இடம் பார்த்து ஒதுக்குறது எப்படி நடக்கும்?

1994-ல் ஆர்எஃப்சி 1633, ஒவ்வொரு ஸ்ட்ரீமுக்கும் தனியாக இடம் ஒதுக்கும் இன்ட்செர்வ் என்ற வடிவத்தைச் சொன்னது. அதற்கு இடம் ஒதுக்கும் நெறிமுறை ஆர்எஸ்விபி, 1997-ல் ஆர்எஃப்சி 2205-ஆக வந்தது. முதலில் அனுப்புபவர் "என் ஸ்ட்ரீம் இப்படிப்பட்டது" என்று ஒரு பாத் செய்தியை மரத்தின் (அனுப்புபவரிடமிருந்து கிளைகளாகப் பிரிந்து போகும் பாதையின்) வழியாகக் கீழே அனுப்புகிறார். அதில் சராசரி வேகமும், ஒரேயடியாக எவ்வளவு குவியலாம் என்பதும் இருக்கும். வாங்குபவர் வந்த வழியே மேலே ஒரு ரெசர்வ் செய்தி அனுப்புகிறார். வழியில் ஒவ்வொரு ரவுட்டரும் இடம் இருந்தால் ஒதுக்கும், இல்லாவிட்டால் அங்கேயே மறுக்கும். ஒதுக்கியதை 30 வினாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். புதுப்பிக்காமல் விட்டால் சில நிமிடங்களில் தானாகக் காலாவதியாகும். நாலு நிமிஷக் கேள்வியில் பார்த்த அதே குணம்தான்: எதையும் நிரந்தரமாக நம்பாதே, திரும்பத் திரும்பக் கேள்.

கணக்கும் எளிது. ஒரு ஸ்ட்ரீம் ஒரேயடியாக 50 கிலோபைட் குவியலாம், அதாவது 400 கிலோபிட். 4 எம்பிபிஎஸ் ஒதுக்கினால் அந்தக் குவியல் வடிய 100 மில்லிவினாடி ஆகும். 8 ஒதுக்கினால் 50. இதோடு ஒவ்வொரு ரவுட்டரும் கூட்டும் சின்னத் தாமதங்களைச் சேர்த்தால் அதிகபட்சத் தாமதம் கிடைக்கும். இது சராசரி அல்ல. இதைத் தாண்டாது என்று கணிதமாக நிரூபிக்கக்கூடிய வரம்பு. அழகான விஷயம் என்று நான் இன்னமும் நினைக்கிறேன்.

காசு குடுக்கிறதும் அனுப்புறதும் ஒருத்தர்தானே? இடத்தை ஏன் வாங்குறவன் கேக்கணும்?

முதல் பதிலில் சொன்னேன், அனுப்புபவருக்கு யார் கேட்கிறார்கள் என்றே தெரியாது. ஒவ்வொருவரின் வசதியும் வேறு. ஒரு கல்லூரியின் தலைமை வளாகம் வேலூரில், ஒரு கிளை குடியாத்தத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரங்கத்துப் பெரிய திரைக்கு 8 எம்பிபிஎஸ் வேண்டும், குடியாத்தத்துக்கு வாடகை லைனில் 2-தான் இருக்கிறது, விடுதியில் ஒரு மாணவருக்கு ஒலி மட்டும் போதும். அனுப்புபவர் ஒரே அளவை எல்லோருக்கும் நிர்ணயித்தால் ஒருவருக்குக் குறையும், இன்னொருவருக்கு அடைக்கும்.

வாங்குபவர் கேட்டால், வேண்டுகோள்கள் மேலே வரும்போது கிளை சேரும் இடத்தில் ஒன்றாகிவிடும். கீழிருந்து 8-ம் 2-ம் வந்தால் மேலே 8 என்று ஒரே வேண்டுகோள் போகும். ஆயிரம் பேர் இருந்தாலும் அனுப்புபவர் வாசலில் ஒரே செய்திதான் வந்து நிற்கும். கூச்சல் பிரச்சினை இங்கே இல்லை.

இருபது பேர் பேசுற மீட்டிங்னா இருபது பேருக்கும் தனித்தனியா இடம் ஒதுக்கணுமா?

ஒலிக்குத் தேவையில்லை. ஜி.711 என்ற முறையில் பதியும் குரல் 64 கேபிபிஎஸ், 20 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட் என்று அனுப்பினால் ஒவ்வொரு பாக்கெட்டின் முகவரித் தலைப்புகளோடு 80 கேபிபிஎஸ். இருபது பேருக்கும் ஒதுக்கினால் 1.6 எம்பிபிஎஸ். ஆனால் ஒழுங்காக நடக்கும் கூட்டத்தில் ஒரு நேரத்தில் ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர்தான் பேசுவார்கள். 160 கேபிபிஎஸ் ஒதுக்கி, யார் பேசினாலும் அதைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று ஆர்எஸ்விபியில் சொல்ல முடியும். வீடியோ அப்படி இல்லை. பேசாதவர் முகமும் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அதற்கு ஆளுக்கொரு பங்கு வேண்டும்.

ஒருத்தர் லைன் மட்டும் ஸ்லோவா இருந்தா எல்லாருக்கும் தரம் குறைஞ்சுடுமா?

ஒரே ஸ்ட்ரீமாக அனுப்பினால், ஆமாம், குறைக்கவேண்டி வரும். அதற்குத்தான் படத்தை அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கையும் ஒரு தனிக் குழுவில் அனுப்பும் முறை. மெக்கேன், ஜேக்கப்சன், வெட்டர்லி மூவரும் 1996-ல் இதை விவரித்தார்கள். முதல் அடுக்கில் மங்கலான படம், அடுத்தடுத்த அடுக்கில் தெளிவு. லைன் நன்றாக இருப்பவர் எல்லாக் குழுவிலும் சேர்வார். குடியாத்தம் கிளை ஓர் அடுக்கோடு நிற்கும். பாக்கெட் தொலைய ஆரம்பித்தால் மேல் அடுக்கை விட்டுவிட வேண்டியதுதான்.

நடைமுறையில் ஒரு தொல்லை. ஓர் அடுக்கைக் கூடுதலாகச் சேர்த்துப் பார்க்கும் சோதனையே, அதே லைனில் இருக்கும் பக்கத்துக்காரரின் படத்தை உடைக்கும். அதனால் சிறிய இடங்களில் நான் இரண்டே தரத்தில், இரண்டு தனி ஸ்ட்ரீமாக அனுப்பிவிடுகிறேன். கொஞ்சம் வீண்தான், ஆனால் பழுது பார்ப்பது சுலபம்.

ஒருத்தன் பேராசையா 50 எம்பி கேட்டா மத்தவங்க ஒதுக்கீடும் போயிடுமா?

நல்ல கேள்வி. வாங்குபவர் ஏன் கேட்கவேண்டும் என்ற பதிலில், வேண்டுகோள்கள் ஒன்றாகி பெரியதுதான் மேலே போகும் என்றேன். அந்தப் பெரியது மேலே ஓரிடத்தில் மறுக்கப்பட்டால், அதோடு சேர்ந்த சின்ன வேண்டுகோளும் அடிபட்டுப்போகும் ஆபத்து உண்டு. ஆர்எஃப்சி 2205 எழுதியவர்களே இதைக் கொலைகார ஒதுக்கீடு என்ற பொருளில் பெயரிட்டு எழுதியிருக்கிறார்கள்.

இரண்டு விதி வைத்தார்கள். ஏற்கெனவே கிடைத்த ஒதுக்கீட்டை, புதிய பெரிய வேண்டுகோள் தோற்றதற்காகக் கலைக்கக்கூடாது. இது ஒன்று. விடாமல் பெரியதாகவே கேட்டுக்கொண்டிருப்பவர் இருந்தால், அந்தத் தோற்ற வேண்டுகோளைக் கொஞ்ச காலம் கணக்கில் சேர்க்காமல் தள்ளிவைத்து, சின்னதை மேலே போகவிட வேண்டும். இது இரண்டாவது.

மரத்தை எப்படிப் போடுவாங்க? ஒவ்வொருத்தருக்கும் குறுக்கு வழி பார்த்தா முடிஞ்சுதே?

தாமதம் மட்டும்தான் கவலை என்றால் முடிந்தது. பிஐஎம் போன்ற ரவுட்டிங் முறைகள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் மொத்தச் செலவு குறையவேண்டும் என்றால் வேறு மரம் வேண்டும். வேலூரிலிருந்து ஆரணிக்கும் போளூருக்கும் அனுப்பவேண்டும். தனித்தனியே இரண்டு லைன் இழுப்பதைவிட, கண்ணமங்கலம் வரை ஒரே லைன் கொண்டுபோய் அங்கே பிரித்தால் மலிவு. கண்ணமங்கலத்தில் பார்ப்பவர் யாருமே இல்லை, ஆனாலும் அந்த ஊர் மரத்தில் ஒரு முடிச்சாக வருகிறது. இப்படிப்பட்ட இடைமுடிச்சுகளைத் தேர்ந்தெடுத்து மிகக் குறைந்த செலவில் மரம் கட்டுவதை ஸ்டைனர் மரம் என்கிறார்கள். முடிச்சுகள் கூடக் கூட எல்லாவற்றையும் அலசிப் பார்த்துத் தீர்க்க முடியாத கணக்கு இது. ரிச்சர்ட் கார்ப் 1972-ல் தொகுத்த கடினக் கணக்குகளின் பட்டியலிலேயே இது இருக்கிறது.

அதன் மேல் "யாருக்கும் 150 மில்லிவினாடியைத் தாண்டக்கூடாது" என்று நிபந்தனை போட்டால் இன்னும் இறுகும். மலிவான மரம் சுற்றிவளைத்துப் போகும், சீக்கிரம் போகும் மரம் செலவைக் கூட்டும். கொம்பெல்லா, பஸ்குவாலே, பாலிசோஸ் மூவரும் 1993-ல் இதற்கு ஏறத்தாழச் சரியான விடை தரும் வழி ஒன்றைக் கொடுத்தார்கள். அதன் பிறகு வந்த ஆய்வுகள் ஏராளம். புராஜெக்டுக்குத் தலைப்புக் கேட்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: தாமத வரம்போடு, வாங்குபவர்களுக்கு இடையேயான தாமத வித்தியாசத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆரணிக் கிளைக்கும் திருவண்ணாமலைக் கிளைக்கும் ஆன்லைன் வினாடிவினா நடத்தினால், கேள்வி ஓரிடத்தில் முன்னால் வந்து நிற்பது அநியாயம்தானே.

கம்பெனி லைன்ல டிஃப்செர்வ் இருக்கு, நான் காசு கட்டி 10 எம்பி முன்னுரிமை வாங்கியிருக்கேன். அதுல மல்டிகாஸ்ட் அனுப்பினா என்ன தப்பு?

ஏரித் தண்ணீர் உதாரணத்தில் ஒரு வித்தியாசத்தை மனதில் வைக்கச் சொன்னேனே, அது இங்கேதான் கடிக்கிறது. டிஃப்செர்வில் வாசலில் மட்டும்தான் எண்ணுவார்கள். நடுவில் உள்ள ரவுட்டர்கள் குறியைப் பார்த்து முன்னே விடும், அவ்வளவுதான். நீங்கள் 10 எம்பிபிஎஸ் உள்ளே அனுப்புகிறீர்கள், வாசலில் கணக்குச் சரி. உள்ளே போய் அது மூன்றாகப் பிரிகிறது. மூன்று கிளையிலும் முழு 10, மூன்றிலும் அதே உயர்ந்த குறி. யாரும் அந்தக் கிளைகளில் இடம் ஒதுக்கவில்லை. அந்தக் கிளையில் ஏற்கெனவே முறையாக இடம் வாங்கியிருந்தவரின் குரல் உடையும். தப்பு எங்கே என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

ஆர்எஃப்சி 3754, 2004-ல் வந்தது, இதை விரிவாகப் பேசுகிறது. அது சொல்லும் வழி: நகல் எடுக்கும் ரவுட்டரில் ஒவ்வொரு கிளைக்கும் தனிக் குறி வைத்துக்கொள்ளவேண்டும். புதிதாக யாராவது சேர்ந்தால், இடம் ஒதுக்கும்வரை அந்தக் கிளையில் போகும் நகலுக்கு மிகக் கீழான குறியைப் போடவேண்டும். ஒதுக்கியபின் உயர்த்தலாம். உங்கள் கம்பெனிக்காரரிடம் "கிளைக்கு ஒரு குறி மாற்ற முடியுமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால், அந்த லைனில் யூனிகாஸ்ட்டாக மூன்று பிரதி அனுப்புவதே மேல்.

வேணும்னே ஒருத்தன் நம்ம குழு முகவரிக்கே வேற வீடியோ அனுப்பினா?

பழைய முறையில் தடுக்க வழி குறைவு. 2002-ல் வந்த ஐஜிஎம்பி மூன்றாம் பதிப்பில் "இந்தக் குழு, ஆனால் இந்த அனுப்புநரிடமிருந்து மட்டும்" என்று கேட்கலாம். அதற்கு 232-ல் தொடங்கும் முகவரிகளை ஒதுக்கியிருக்கிறார்கள். புதிதாகப் போடுபவர்கள் இதையே போடுங்கள். உத்தரவாதத்துக்கும் இது நல்லது, யார் ஸ்ட்ரீமுக்கு இடம் ஒதுக்குகிறோம் என்பது உறுதியாகத் தெரியும்.

நிறைய பேண்ட்வித் போட்டுட்டா இந்த ஒதுக்கீடு, மறுப்பு எல்லாம் தேவையே இல்லையே? ஆர்எஸ்விபியை யாரு இப்போ போடுறாங்க?

பாதி சரி. வளாகத்துக்குள் கம்பியில் ஓடும் டிவிக்கு 10 ஜிகாபிட் முதுகெலும்பும், குவெரியரும், கணக்காகப் போட்ட முன்னுரிமையும் இருந்தால் நான் வேறொன்றும் செய்வதில்லை. இணையம் முழுக்க ஒவ்வொரு ஸ்ட்ரீமுக்கும் ஆர்எஸ்விபி ஓடவில்லை என்பதும் உண்மை. நடு ரவுட்டர்கள் லட்சக்கணக்கான ஒதுக்கீடுகளை நினைவில் வைக்கவேண்டும், அது தாங்கவில்லை. ஆனால் இடம் குறைந்த இடங்களில், அதாவது வாடகை லைனிலும் காற்றிலும், கேட்டு ஒதுக்கி மறுக்கும் முறை இன்னும் உயிரோடு இருக்கிறது. உங்கள் போனில் 4ஜி வழியாக வரும் குரல் அழைப்புக்கு ரேடியோவில் உறுதியான வேகத்தோடு தனிப் பாதை ஒதுக்கப்படுகிறது. இடமில்லை என்றால் மறுப்பு உண்டு.

மல்டிகாஸ்ட்டில் இந்த முறை முழுசாக ஓடுவதைப் பார்க்க ஆசைப்பட்டால் ஏவிபி (ஒலி, படத்துக்கு இடம் ஒதுக்கும் ஈதர்நெட்) சுவிட்ச் போட்ட ஓர் ஆடிட்டோரியத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒலிமேடையிலிருந்து ஸ்பீக்கர்களுக்கு ஈதர்நெட்டிலேயே ஒலி போகும். 2010-ல் வந்த 802.1கியூஏடி தரம் அதற்கு இடம் ஒதுக்குகிறது. பேசும் பெட்டி தன் ஸ்ட்ரீமை அறிவிக்கும், கேட்கும் பெட்டிகள் வேண்டும் என்று சொல்லும், ஒவ்வொரு சுவிட்சும் தன் லைனில் 75 சதவீதத்துக்கு மேல் போகாமல் ஒதுக்கும். உயர்ந்த வகுப்பில் 7 தாவலுக்குள் (ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குப் போவது ஒரு தாவல்) 2 மில்லிவினாடி என்பது இலக்கு. ஒரு லைனில் இடம் போதாவிட்டால், அந்த இடத்திலிருந்து கீழே "முடியாது" என்ற அறிவிப்புப் போகும், எந்த சுவிட்சில் எந்தக் காரணத்தால் என்பதோடு. சவுண்டு எஞ்சினியருக்கு அது மதியம் ஒத்திகையிலேயே தெரிந்துவிடும், சாயங்காலம் கச்சேரி நடுவில் அல்ல.